ஆகர் நிற்கும் நொடியில் கேஜ் என்ன காட்டுகிறது?

கேள்வி சுருக்கமாக இது: 45 எச்பி டிராக்டர், பின்னால் ஹைட்ராலிக் மோட்டாரில் சுற்றும் குழி போடும் மெஷின், 12 அங்குல ஆகர் (மண்ணைத் துளைக்கும் திருகு). காங்கேயம் பக்கம் சரளை கலந்த செம்மண்ணில் வேலிக் கல் நட குழி போடுகிறார்கள். தூக்கி வைத்தால் நன்றாகச் சுற்றுகிறது, மண்ணில் ஓர் அடி இறங்கியதும் நின்றுவிடுகிறது. காலையில் பரவாயில்லை, வெயில் ஏற ஏற மோசம். போதாக்குறைக்கு கியர்பாக்ஸ் அடியில் ஆயில் ஒழுகுகிறது. சீல் இரண்டு முறை மாற்றியும் நிற்கவில்லை. மெக்கானிக் மோட்டாரை மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

இப்போதைக்கு மாற்ற வேண்டாம். மோட்டார் கெட்டிருக்கலாம், ஆனால் நீங்கள் சொன்ன எந்த அறிகுறியும் அதை நிரூபிக்கவில்லை. முதலில் கிளிசரின் நிரப்பிய பிரஷர் கேஜ் ஒன்று, 250 பார் (பிரஷரை அளக்கும் அலகு) அல்லது அதற்கு மேல் காட்டுவதாக வாங்குங்கள். கூடவே ஒரு டீ ஃபிட்டிங் (மூன்று வாய் உள்ள இணைப்பு), கேஜை ஓட்டுநர் இருக்கை வரை கொண்டுவரும் நீளத்துக்கு ஒரு ஹை பிரஷர் ஹோஸ். மோட்டார் விலையோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஹைட்ராலிக் வேலையில் கேஜ் இல்லாமல் பார்ட்ஸ் மாற்றுவதைப் போல பணத்தை விழுங்கும் பழக்கம் வேறில்லை. பம்பை மாற்றி, மோட்டாரை மாற்றி, கடைசியில் ரிலீஃப் வால்வில் (பிரஷர் அளவை மீறினால் திறந்து ஆயிலைத் திருப்பி விடும் வால்வு) சிக்கிய ஒரு துணுக்கை எடுத்ததும் மெஷின் ஓடிய கதையை ஹைட்ராலிக் பட்டறை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அளக்கும் முன் ஒரு கணக்கு. ஆகர் எவ்வளவு வேகமாகச் சுற்றும் என்பதைத் தீர்மானிப்பது ஆயிலின் அளவு. எவ்வளவு பலமாகச் சுற்றும் என்பதைத் தீர்மானிப்பது பிரஷர். உங்கள் மோட்டார் 100 சிசி, கியர்பாக்ஸ் நான்குக்கு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஆகர் ஒரு சுற்று சுற்ற 400 சிசி ஆயில் வேண்டும். டிராக்டர் நிமிடத்துக்கு 20 லிட்டர் தந்தால் நிமிடத்துக்கு 50 சுற்று. பிரஷர் 150 பார் கிடைத்தால் கணக்குப்படி 950 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. உராய்வு போக 800 அளவில் நிற்கும். அதே பிரஷர் 90 பாருக்கு இறங்கினால் விசையும் 500க்குக் கீழே வந்துவிடும். ஆனால் மெஷினைத் தூக்கி வைத்துச் சுற்றினால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, வேகம் ஒன்றாகவே இருக்கும். தூக்கி வைத்தால் நன்றாகச் சுற்றுகிறது என்பதற்கு அர்த்தம் ஆயில் வருகிறது என்பது மட்டும்தான். பிரஷர் வருகிறதா என்பது மண்ணில்தான் தெரியும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். 150 பார், 20 லிட்டர் என்றால் ஆகருக்குப் போய்ச் சேரும் சக்தி 5 கிலோவாட், அதாவது ஏழு எச்பிக்கும் குறைவு. டிராக்டர் 45 எச்பி என்பதால் மெஷினும் அந்தப் பலத்தில் தோண்டும் என்று எதிர்பார்க்கக் கூடாது. பிடிஓவில் (டிராக்டர் பின்னால் எஞ்சின் சுழற்சியை நேராகத் தரும் தண்டு) ஓடும் மெஷின் எஞ்சின் சக்தியின் பெரும்பகுதியை நேராக எடுத்துக்கொள்ளும். ஹைட்ராலிக் மெஷின் டிராக்டர் பம்பு தருவதை மட்டுமே எடுக்கும். பக்கத்துத் தோட்டத்தில் பிடிஓ மெஷின் இதே மண்ணில் சரசரவென்று இறங்குவதைப் பார்த்து உங்கள் மெஷின் கெட்டுவிட்டது என்று முடிவு செய்ய வேண்டாம். மாட்டிக்கொண்டால் திருப்பிச் சுற்றி வெளியே எடுக்க முடிவது ஹைட்ராலிக்கின் நன்மை. அதற்காகவே நான் ஹைட்ராலிக் பக்கம்.

இனி சோதனை. டிராக்டரின் பிரஷர் கப்ளருக்கும் (ஹோஸை மாட்டும் இணைப்பு) ஆகர் ஹோஸுக்கும் நடுவில் டீயைப் போட்டு கேஜை மாட்டுங்கள். மாட்டும் முன் எஞ்சினை அணைத்து, லீவரை முன்னும் பின்னும் இரண்டு மூன்று தடவை தள்ளி, உள்ளே தங்கிய பிரஷரை விடுவிக்க வேண்டும். முதல் அளவு ஆகர் இல்லாமல். ஆகர் பக்க ஹோஸைக் கழற்றி டீயின் அந்த வாயைப் பிரஷர் தாங்கும் இரும்பு மூடியால் அடைத்து, எஞ்சினை வேலை வேகத்தில் வைத்து லீவரைத் தள்ளுங்கள். நான்கைந்து நொடி போதும், அதற்கு மேல் பிடித்தால் ஆயில் சுடும். கேஜ் காட்டுவதைக் குறித்துக்கொண்டு, டிராக்டர் கையேட்டில் ரிலீஃப் வால்வுக்குச் சொல்லியிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள். இதே சோதனையை எஞ்சினை ஐட்லிங்கில் வைத்து ஒரு முறையும், மதியம் ஆயில் சூடான பிறகு இரண்டு வேகத்திலும் ஒரு முறையும் செய்யுங்கள். தேய்ந்த பம்பு எஞ்சின் வேகமாக ஓடும்போது கசிவை மறைத்து முழு பிரஷரைக் காட்டிவிடும். சூடான ஆயில், ஐட்லிங் இரண்டும் சேர்ந்தால் மறைக்க முடியாது.

இரண்டாவது அளவு ஆகரோடு, குழியில். மெஷின் நிற்கும் அந்த நொடியில் கேஜைப் பாருங்கள். உங்கள் கேள்விக்குப் பதில் அங்கேதான் இருக்கிறது.

நிற்கும்போதும் கேஜ் முழு பிரஷரைக் காட்டினால் பம்பு, ரிலீஃப், மோட்டார் மூன்றுமே தங்கள் வேலையைச் செய்கின்றன. மோட்டார் உள்ளுக்குள் பெரிதாகக் கசிந்தால் ஆயில் அதன் வழியே ஓடிவிடும், பிரஷர் முழுதாக ஏறாது. அப்போது பிரச்சினை மண்ணிலோ ஆகர் பல்லிலோ இருக்கிறது. அதற்குக் கீழே வருகிறேன். வாயை அடைத்தபோது முழு பிரஷர் வந்து, ஆகர் நிற்கும்போது மட்டும் குறைவாகக் காட்டினால் மோட்டார் உள்ளே தேய்ந்திருக்கிறது. அப்போது மெக்கானிக் சொன்னது சரி. இரண்டிலுமே குறைவு என்றால் கோளாறு டிராக்டர் பக்கம், மோட்டாரைத் தொடவே வேண்டாம்.

கேஜ் வருவதற்குள் காதாலும் கொஞ்சம் கண்டுபிடிக்கலாம். சுமை ஏற ஏற ஆகர் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து நின்றால் எங்கோ ஆயில் கசிகிறது. கடைசி வரை வேகம் குறையாமல் ஓடி, கீச்சென்ற சத்தத்தோடு சட்டென்று நின்றால் ரிலீஃப் திறக்கிறது. அந்த நேரத்தில் எஞ்சின் குரல் கனத்துப் போகிறதா என்று கவனியுங்கள். கனத்தால் முழு பிரஷர் ஏறுகிறது. எஞ்சினுக்கு எதுவுமே தெரியாதது போல ஓடினால் ரிலீஃப் சீக்கிரமே திறந்துவிடுகிறது, அல்லது ஆயில் வேறு வழியில் ஓடுகிறது.

டிராக்டர் பக்கம் என்று தெரிந்தால் முதலில் ஆயில் மட்டமும் ஃபில்டரும். நம் டிராக்டர்களில் பெரும்பாலும் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில்தான், அதனால் கியரில் தேயும் இரும்புத் தூளெல்லாம் உறிஞ்சும் பக்க வலையில் சேரும். வலை அடைத்தால் பம்பு ஊளையிடும். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து இரவு முழுக்க வையுங்கள். காலையில் தெளிந்திருந்தால் உள்ளே போனது காற்று. உறிஞ்சும் குழாயில் எங்கோ ஓரிங் விட்டிருக்கிறது. அப்படியே வெளுத்திருந்தால் தண்ணீர், ஆயிலை முழுதாக மாற்ற வேண்டும். அடுத்து, லிஃப்டுக்குப் போகும் ஆயிலை வெளி போர்ட்டுக்குத் திருப்பும் திருகு உங்கள் டிராக்டரில் இருந்தால் அது முழுதாகத் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். பாதியில் நின்றால் ஆயிலும் பாதிதான் வரும். கடைசியாக ரிலீஃப் வால்வு. அதைக் கழற்றிக் கழுவி, அமரும் இடத்தில் கீறல் இருக்கிறதா, ஸ்பிரிங் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். கேஜ் இல்லாமல் ரிலீஃப் திருகை முறுக்கி பிரஷரை ஏற்றிவிடுவதை எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள். ஹோஸ் வெடிக்கும், இல்லையென்றால் பம்பு உடையும்.

இப்போது ஒழுகும் சீல். உங்கள் கேள்வியில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது இதுதான். இரண்டு முறை மாற்றியும் நிற்கவில்லை என்றால் சீலைக் குறை சொல்வதில் பயனில்லை, பின்னாலிருந்து ஏதோ தள்ளுகிறது. ஒழுகுவதை விரலில் தொட்டுப் பாருங்கள் (எஞ்சின் அணைந்திருக்கும்போது மட்டும்). கியர்பாக்ஸில் ஊற்றுவது 90 நம்பர் கியர் ஆயில். கெட்டியாக, கந்தக வாடையோடு இருக்கும். வருவது நீர்த்துப் போய், டிராக்டர் ஆயில் நிறத்தில், வாடையில்லாமல் இருந்தால் அது ஹைட்ராலிக் ஆயில். அப்படியானால் முதலில் போனது மேலே மோட்டார் ஷாஃப்ட் சீல். அது விட்டதும் ஹைட்ராலிக் ஆயில் கியர்பாக்ஸுக்குள் இறங்கி, நிரம்பி, பிரஷர் கட்டி, கீழ் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. கீழ் சீலை எத்தனை தடவை மாற்றினாலும் இதே கதைதான். கியர்பாக்ஸ் லெவல் பிளக்கை மெதுவாகத் தளர்த்தும்போது ஆயில் பீய்ச்சினாலும் அதற்கு இதுதான் பொருள்.

சரி, மோட்டார் ஷாஃப்ட் சீல் ஏன் போனது? திரும்பிப் போகும் ஆயிலுக்கு வழி சரியில்லை. இப்படிப்பட்ட மெஷினில் இருக்கும் ஆர்பிட் வகை ஹைட்ராலிக் மோட்டாரின் ஷாஃப்ட் சீல் தாங்கும் பிரஷர் குறைவு. ரிட்டர்ன் ஹோஸ் டாங்கிக்குத் தடையில்லாமல் போக வேண்டும். நம் ஊரில் ட்ரெய்லர் டிப்பிங்குக்காக வைத்த ஒற்றை போர்ட்டில் பிரஷரை எடுத்து, ரிட்டர்னை அரை அங்குலத்துக்கும் சிறிய ஹோஸில் எங்காவது செருகிவிடுகிறார்கள். டிப்பிங் ஜாக்கிக்கு ஆயில் ஒரு தடவை போய் ஒரு தடவை திரும்பும், அதற்கு அது போதும். மோட்டாருக்கு நிமிடம் தவறாமல் 20 லிட்டர் திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும். குவிக் கப்ளர் முழுதாக அழுந்தாமல் பாதி மாட்டியிருந்தாலும் உள்ளிருக்கும் குமிழ் வழியை மறைக்கும். ரிட்டர்ன் கப்ளரை மாட்ட மறந்து லீவரைத் தள்ளினால் ஷாஃப்ட் சீல் அந்த நொடியே போய்விடும். ஹோஸின் உள் ரப்பர் உரிந்து நாக்கு போல மடங்கினால் ஒரு பக்கம் ஆயில் போகும், மறுபக்கம் போகாது. ஆகர் ஒரு திசையில் நன்றாகவும் மறுதிசையில் மந்தமாகவும் சுற்றினால் ஹோஸைச் சந்தேகப்படுங்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஹோஸ் புதிதாகவே தெரியும்.

இதையும் அளக்கலாம். கேஜை ரிட்டர்ன் பக்கம் மாட்டி, ஆகரைத் தூக்கி வைத்து முழு வேகத்தில் சுற்றவிடுங்கள். நிற்கும்போது அளக்கக் கூடாது; நின்றால் ஓட்டமில்லை, ஓட்டமில்லாமல் அடைப்பு தெரியாது. பத்து பாரை ஒட்டிக் காட்டினால் நான் பேசாமல் விட்டுவிடுவேன். முப்பது, நாற்பது என்று காட்டினால் உங்கள் சீல் கதைக்குக் காரணம் கிடைத்துவிட்டது. ரிட்டர்னைப் பெரிய ஹோஸில், டிராக்டர் கம்பெனி அதற்கென்று கொடுத்திருக்கும் இடத்தில் நேராக டாங்கிக்கு விடுங்கள். மோட்டாரில் சிறிய மூன்றாவது போர்ட் ஒன்றை பிளக் போட்டு அடைத்திருந்தால் அது கேஸ் டிரெயின், மோட்டாருக்குள் கசியும் ஆயில் வெளியேறும் வழி. அதற்குத் தனியாக ஒரு சிறிய ஹோஸ் போட்டு நேரே டாங்கியில் விட்டால் ஷாஃப்ட் சீல் நெடுநாள் நிற்கும்.

வெயில் ஏற ஏற மோசமாவதும் இதோடு சேர்ந்தது என்றே நினைக்கிறேன். அடைப்பில் விழும் பிரஷரும் ரிலீஃபில் கொட்டும் ஆயிலும் மிச்சமில்லாமல் சூடாக மாறும். ஆகர் நின்றபிறகும் லீவரைப் பிடித்துக்கொண்டே இருந்தால் 5 கிலோவாட்டும் ஆயிலில்தான் இறங்கும். முப்பது லிட்டர் ஆயில் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 6 டிகிரி ஏறும். ஐந்து நிமிடம் அப்படிப் பிடித்தால் 30 டிகிரி. சூடான ஆயில் நீர்த்துவிடும், நீர்த்தால் பம்பிலும் மோட்டாரிலும் உள்கசிவு கூடும், கசிவு கூடினால் பிரஷர் இறங்கும், ஆகர் இன்னும் சீக்கிரம் நிற்கும். காலையில் ஓடியது மதியம் நிற்பது இப்படித்தான். ஆயில் 80 டிகிரியைத் தாண்டினால் வேலையை நிறுத்தி ஆறவிடுங்கள். ஆகர் நின்றதும் லீவரை விட்டுவிட வேண்டும், ஒரு சாண் தூக்கிச் சுற்றவிட்டு மறுபடி இறக்க வேண்டும். ஓட்டுபவர் இதைக் கடைப்பிடித்தாலே சூட்டில் பாதி குறையும்.

கேஜ் முழு பிரஷரைக் காட்டியும் நிற்கிறது என்றால் ஆகரைப் படுக்கவைத்துப் பாருங்கள். நடுவில் இருக்கும் கூர் மழுங்கியிருந்தால் ஆகர் மண்ணைப் பிடிக்காமல் அலையும். அதைவிட முக்கியம் வெளி ஓரத்துப் பல். அது திருகுத் தகட்டின் விளிம்பைத் தாண்டி சில மில்லிமீட்டராவது வெளியே நீண்டிருக்க வேண்டும். அந்தப் பல் வெட்டும் குழி தகட்டைவிடக் கொஞ்சம் அகலமாக இருந்தால்தான் தகடு உரசாமல் சுற்றும். பல் தேய்ந்து தகட்டுக்குச் சமமானால் தகடே குழிச் சுவரில் தேய்த்துக்கொண்டு சுற்றும். ஆழம் கூடக் கூட உரசும் நீளமும் கூடும், ஓர் அடியில் நின்றுவிடும். உங்கள் மெஷின் நிற்பதும் ஓர் அடியில்தான். தகட்டின் விளிம்பு கண்ணாடி போலப் பளபளத்தால் உறுதி. சரளை மண்ணில் சாதாரணப் பல் மிகச் சீக்கிரம் போய்விடும், கார்பைடு முனை வைத்த பல்லைப் போடுங்கள். மாற்றும்போது வெட்டும் முகம் சுற்றும் திசையைப் பார்த்து இருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். தலைகீழாக மாட்டிய பற்களோடு நாள் முழுக்கப் போராடுபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மண்ணையும் மதிக்க வேண்டும். செம்மண்ணுக்கு அடியில் சுக்கான் பாறை தட்டினால் 7 எச்பிக்கு 12 அங்குலம் அதிகம். 9 அங்குல ஆகர் போட்டு இறக்கி, பிறகு 12 போட்டு அகலப்படுத்தலாம். குழி போடும் இடங்களில் முந்தின நாள் மாலை குழிக்கொரு குடம் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டால் காய்ந்த செம்மண் நன்றாக இளகும். கரிசலில் இதைச் செய்யாதீர்கள், தகட்டில் அப்பிக்கொள்ளும். எந்த மண்ணானாலும் அரை அடிக்கு ஒரு முறை மேலே தூக்கி மண்ணை உதறிவிட்டு இறக்குங்கள். ஒரே மூச்சில் இறக்கினால் வெட்டிய மண்ணே ஆகரை இறுக்கும்.

டிராக்டர் லிஃப்ட் தூக்கும், கீழே அழுத்தாது. அதனால் ஆகர் இறங்கவில்லை என்றால் சட்டத்தின் மேல் ஆளை ஏற்றி உட்காரவைக்கும் வழக்கம் பல ஊரில் இருக்கிறது. தயவு செய்து வேண்டாம். பல் கூராக இருந்தால் மெஷினின் எடையே போதும். இறங்கவில்லை என்றால் பல்லை மாற்றுவதுதான் வழி. சுற்றும் ஆகரிலிருந்து ஆறடிக்குள் துண்டு, வேட்டி, சேலை எதுவும் வரக் கூடாது. ஹோஸில் கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசித் துளை வழியே வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது, ஆனால் சில மணி நேரத்தில் விரலையே எடுக்கும் நிலைக்குக் கொண்டுபோய்விடும். அட்டையைப் பிடித்துக் கசிவைத் தேடுங்கள். ஆயில் உள்ளே போய்விட்டால் உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், ஹை பிரஷர் ஆயில் ஏறியது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் வெளிப் பல்லைப் பார்ப்பேன், காசே செலவில்லை. அடுத்து ரிட்டர்ன் பிரஷர், பிறகு மற்ற அளவுகள். எல்லாம் பார்த்தபின் மோட்டார்தான் என்று கேஜ் சொன்னால் மாற்றுங்கள். அப்போது பழைய மோட்டாரின் தகட்டில் இருக்கும் சிசி, ஷாஃப்ட் வகை, போர்ட் அளவு மூன்றும் ஒத்துப்போக வேண்டும். விசை கூடும் என்று பெரிய சிசி வாங்கினால் விசை கூடும், அதே அளவுக்கு வேகம் குறையும். கியர்பாக்ஸ் அந்த விசையைத் தாங்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். ஹோஸ் இரண்டையும் கழற்றி உள்ளே கழுவி, ஃபில்டர் புதிதாகப் போட்டு, கியர்பாக்ஸில் கலந்த ஆயிலை வடித்து 90 நம்பர் ஊற்றி, மோட்டாருக்குள் போர்ட் வழியாகக் கொஞ்சம் சுத்தமான ஆயில் விட்டுவிட்டு மாட்டுங்கள். பழைய மோட்டாரிலிருந்து உதிர்ந்த தூள் ரிட்டர்ன் ஹோஸிலும் டாங்கியிலும் இருக்கும். அதை விட்டுவைத்தால் புது மோட்டாரையும் அரித்துவிடும். முதல் பத்து நிமிடம் மண்ணில் இறக்காமல், பாதி வேகத்தில், இரண்டு திசையிலும் மாற்றி மாற்றிச் சுற்றவிடுங்கள். காற்று வெளியேறியதும் ஆயில் மட்டத்தை மறுபடி பார்த்துக் குறைந்ததை நிரப்புங்கள்.